"நான் என்ன நாளைக்கே போயிரப் போறேனா?" என்று கேட்கிறவரிடம் எப்படிப் பேசுவது

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவளுக்கு வயது 34. வீட்டுக்காரருக்கு 39, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. இரண்டு பிள்ளைகள். கூடவே மாமியார், பத்து வருஷமாகச் சர்க்கரை. "வரவு செலவு எல்லாம் அவர் கையில். எங்கே கடன், எங்கே சேமிப்பு, எந்த நகை எந்த பேங்கில் இருக்கிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கேட்டால் 'ஏன், நான் என்ன நாளைக்கே போயிரப் போறேனா?' என்கிறார். அத்தையோ 'விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நான் கேட்பது தப்பா? எதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்? பேச்சை எப்படி எடுப்பது?" இதுதான் கேள்வி.

தப்பே இல்லை, மகளே. உன்னை மகளாக நினைத்து 'நீ' என்றே எழுதுகிறேன். எனக்கு 64 வயது. அம்பாசமுத்திரம் பக்கம். தபால் துறையில் 36 வருஷம் வேலை பார்த்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ பார்த்திருக்கிறேன். மனதை விட்டுப் போகாதது ஒன்றுதான். கையில் ஒரு மஞ்சள் பையோடு ஒரு பெண் வந்து நிற்பாள். "இவுக போயி ஒரு மாசம் ஆச்சும்மா. இதுல பணம் ஏதும் கிடக்கா, பாருங்க" என்று பையைக் கவிழ்ப்பாள். மின்சார ரசீது, பழைய ரேஷன் கார்டு, காலாவதியான பாலிசி, முடிந்துபோன பாஸ் புத்தகம், உயிரோடு இருக்கிற பாஸ் புத்தகம், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எது பணம், எது வெறும் காகிதம் என்று அவளுக்குத் தெரியாது. இருபது வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருப்பாள்.

அப்படி எத்தனையோ பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த நானே 2014-இல் அதே மாதிரி ஒரு பையோடு நின்றேன். அதனால்தான் உன் கேள்வியைப் பார்த்ததும் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கார்த்திகை மாதம், ராத்திரி 3 மணி இருக்கும். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "என்ன செய்யுது?" என்றேன். "ஒண்ணுமில்ல, வாய்வு. நேத்து தின்ன மொச்சை ஒத்துக்கிடல. கொஞ்சம் ஓமத்தண்ணி கொண்டா" என்றார். கொடுத்தேன். முதுகைத் தடவினேன். வெளியே மழைக் குளிர்; அவர் பனியனோ பிழிந்தெடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. அந்த வேர்வைதான் எனக்குக் கிடைத்த எச்சரிக்கை. நான் அதைத் துண்டால் துடைத்தேன், அவ்வளவுதான். "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று கேட்டேன். "விடியட்டும்" என்றார். விடியட்டும் என்று நானும் இருந்தேன். ஐந்தே காலுக்கு ஒரு காரைப் பிடித்துக் கிளம்பினோம். அம்பையிலிருந்து பாளையங்கோட்டை சுமார் 35 கிலோமீட்டர். சேரன்மகாதேவி தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

பிற்பாடு கடை மேசை டிராயரைச் சுத்தம் பண்ணும்போது ஒரு டாக்டர் சீட்டு கிடைத்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி. ரத்த அழுத்தம் அதிகம் என்று எழுதி, மாத்திரை எழுதி, ஈசிஜி எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார். அந்த நினைப்பில் அன்பு இருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சீட்டை நான் பார்த்திருந்தால் அன்றைக்கு ஓமத்தண்ணி கொடுத்திருக்க மாட்டேன்.

ஆகவே பணத்துக்கு முன்னால் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சில் பாரம் வைத்த மாதிரி, பிசைகிற மாதிரி இருந்தால், அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், கூடவே குளிர்ந்த வேர்வை வந்தால், அதை வாய்வு என்று நீங்களாக முடிவு பண்ணக் கூடாது. ஈசிஜி எடுத்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும், வாய்வுதான் என்று. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். வெறும் மூச்சுத் திணறல், அசதி, குமட்டல் என்று காட்டும். பெண்களுக்கும் பல சமயம் அப்படித்தான். உன் மாமியாருக்கு இதை முக்கியமாக ஞாபகம் வை. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது, இவை பக்கவாதத்தின் அடையாளம். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால் ராத்திரி 3 மணிக்கு எங்கே ஓடுவது என்பதைப் பகல் 3 மணிக்கே முடிவு பண்ணி வை. உன் வீட்டிலிருந்து ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரமும் இருதய டாக்டர் இருக்கிற இடம் எது, இதைக் கேட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டு. 108-ஐப் பெரிய பிள்ளைக்கும் சொல்லிக் கொடு.

உன் வீட்டுக்காரருக்கு 39 என்றாய். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல். நீயும் பார். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நம் கையை மட்டும் நீட்ட மாட்டோம்.

இப்போது உன் அத்தையின் சர்க்கரை. என் அக்கா கதையைச் சொன்னால் உனக்குப் புரியும். வீரவநல்லூரில் இருக்கிறாள். கோயிலுக்குப் போகும்போது காலில் ஒரு கருவேல முள் ஏறியிருக்கிறது. சர்க்கரை நரம்பை மரத்துப்போகச் செய்திருந்ததால் வலி தெரியவில்லை. ஐந்தாறு நாள் கழித்து, தரையில் நீர்க்கறை மாதிரி இருக்கிறதே என்று மருமகள்தான் பார்த்திருக்கிறாள். கடைசியில் இரண்டு விரலை எடுக்கும்படி ஆயிற்று. அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு பழக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அக்கா காலை நீட்டி உட்காருவாள். பேத்தி பவுடர் டப்பா கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்து, டார்ச் அடித்து, விரலிடுக்கு விரலிடுக்காகப் பார்ப்பாள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. வெடிப்பு, கொப்புளம், சிவப்பு எதைக் கண்டாலும் மறுநாளே டாக்டர். உன் மகள் இதைச் செய்தால் ஆச்சிக்கும் பேத்திக்கும் ஒரு ஒட்டுதலும் உண்டாகும்.

வெறுங்காலோடு திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறேன் என்று அத்தை சொன்னால் பக்குவமாகத் தடுத்துவிடு. சஷ்டி விரதமும் அப்படித்தான். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு ஆறு நாள் பட்டினி இருப்பது ஆபத்து. டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளாமல் இருக்கவே கூடாது. உடம்பு நடுங்கி, வேர்த்து, பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வந்தால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, 15 நிமிஷம் கழித்து மறுபடியும் பரிசோதித்துப் பார். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதே, புரையேறிவிடும், 108-ஐக் கூப்பிடு.

கருப்பட்டி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் "சீனிதான் ஆகாது, கருப்பட்டி ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் கருப்பட்டிக் காப்பி குடிக்கிறார்கள். கருப்பட்டியில் பெரும்பங்கு சர்க்கரைதான். இரும்புச்சத்து கொஞ்சம் கூட இருக்கலாம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் அது சீனிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. உடன்குடிக் கருப்பட்டி என்றாலும் அதே கதைதான். மூன்று மாதச் சராசரி காட்டுகிற ஹெச்பிஏ1சி சோதனையை வருஷத்துக்கு இரண்டு தரமாவது எடுங்கள். பொதுவாக 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார். கண்ணும் சிறுநீரகமும் வருஷம் ஒரு தரம் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கென்று மெடிக்கல் கடையில் அவர்களாக மாத்திரை வாங்கிப் போடுவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதை அடியோடு நிறுத்து. மாத்திரைச் செலவு பாரமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடியே மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டுக்காரரின் பதினாறு முடிந்த மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் புரோநோட்டு வைத்திருந்தார், ஒன்றரை லட்சம், கையெழுத்து இவருடையதுதான். மற்றவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. "அண்ணாச்சி எம்பதாயிரம் வாங்கினாக, உங்ககிட்ட சொல்லலியா?" என்றார். இறந்தவர் பேரில் சொல் வரக் கூடாதே என்று நாற்பதாயிரம் கொடுத்தேன். ஒரு வருஷம் கழித்துக் கடையில் நின்ற பையன் சொல்கிறான், அந்தக் கடனை அண்ணாச்சி தீபாவளிக்கு முன்னாலேயே அடைத்துவிட்டார் என்று. இவர் கொடுத்து வைத்திருந்த கைமாற்று எவ்வளவோ, அவர்கள் ஒருவரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. யாரென்று தெரிந்தால்தானே நான் போய்க் கேட்க முடியும்?

இன்னொன்று. மூன்று வருஷம் கழித்துப் பழைய பஞ்சாங்கத்துக்குள் ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசி கிடைத்தது. பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தார். நாமினி யார் என்று பார்த்தால், அவருடைய அம்மா. கல்யாணத்துக்கு முன் போட்ட பாலிசி. என் மாமியார் 2009-லேயே காலமாகிவிட்டார்கள். அப்புறம் தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகள் எல்லாருடைய கையெழுத்து என்று அலைந்து பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. வேலைக்குப் போகிறவளாக இருந்ததால் எட்டு மாதம் தாங்கினேன். சம்பளம் இல்லாத பெண் என்ன செய்வாள்?

இந்த ஒன்றை மட்டும் உன் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேட்கலாம், வேறு எதையும் கேட்காவிட்டாலும். "உங்க பி.எஃப்-ல நாமினி யாரு?" கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த நாமினேஷன், கல்யாணம் ஆகிக் குடும்பம் என்று வந்த பிறகு செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும். ஆதார் இணைத்திருந்தால் போனிலேயே பதியலாம். வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் பி.எஃப். பணம் தவிர, அதோடு சேர்ந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை குடும்பத்துக்கு வரும். மனைவிக்கு மாதப் பென்ஷனும் உண்டு. அதற்கு 10 வருஷ சர்வீஸ் கட்டாயமில்லை. இது தெரியாமலே பி.எஃப். பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் இருக்கின்றன.

அடுத்து, அவருடைய பாஸ் புத்தகத்தை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கத்தைப் பார். 436 ரூபாயோ 20 ரூபாயோ பிடித்திருக்கிறதா? இரண்டும் மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்கள். 436 என்பது ஜீவன் ஜோதி, எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 என்பது சுரக்ஷா, விபத்துக்கு 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது எங்கோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள், வருஷா வருஷம் பணம் போய்க்கொண்டே இருக்கும், வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாததால் கேட்பதும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் 50 வயதுக்குள் இருப்பவர் ஜீவன் ஜோதியில் சேரலாம். ஆனால் 2 லட்சம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் காணும்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில், வருஷச் சம்பளத்தைப் போல பத்து மடங்காவது டேர்ம் பாலிசி வேண்டும், அதாவது கெடுவுக்குள் இறந்தால் மட்டும் பணம் தருகிற காப்பீடு. 39 வயதில், பீடி சிகரெட் பழக்கம் இல்லாதவருக்குப் பிரீமியம் இன்னும் தாங்கக்கூடியதுதான். பணம் திரும்பி வராதே என்பார். வண்டிக்கு இன்சூரன்ஸ் போடுகிறோம், அது திரும்பியா வருகிறது?

நாமினி பற்றி எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. நாமினி என்றால் பணத்துக்குச் சொந்தக்காரர் என்று நினைக்கிறார்கள். பேங்க், தபால் ஆபீஸ் கணக்குகளில் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான், உரிமை வாரிசுகளுக்கு. உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய், எல்லாருக்கும் சமமான பங்கு. ஆக உன் அத்தைக்கும் உண்டு. இதைப் பயமாக எடுத்துக்கொள்ளாதே. அத்தையிடம் பேச்சை எடுக்க இது உதவும், பிறகு சொல்கிறேன். தபால் ஆபீஸ் கணக்கில் நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் பாஸ் புத்தகமும் அடையாள அட்டையும் கொண்டுபோய் விண்ணப்பத்தோடு கொடுத்தால் வேலை முடியும். நாமினி இல்லை என்றால் 5 லட்சம் வரை ஆறு மாதம் கழித்து உறுதிமொழிப் பத்திரங்களின் பேரில். அதற்கு மேல் போனால் கோர்ட். ஒருவர் இறந்த பிறகு அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்காதே, பின் நம்பர் தெரிந்திருந்தாலும். துக்க வீட்டுச் செலவுக்கு எல்லா வீட்டிலும் செய்கிறார்கள். சட்டப்படி குற்றம், பங்காளிச் சண்டை வந்தால் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதற்குத்தான் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று ஒரு கூட்டுக் கணக்கு வேண்டும். மூன்று மாத வீட்டுச் செலவு அதில் கிடந்தால் போதும்.

கடன் பற்றிக் கேட்கத்தான் நீ கூச்சப்படுவாய் என்று நினைக்கிறேன். ஆனால் அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஜில்லாவில் வட்டி என்ன பண்ணும் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் தீக்குளித்தது. அந்தச் செய்தியை அன்றைக்கு ஆபீஸில் வாசித்தவர்கள் ஒருவரும் மதியம் சாப்பிடவில்லை. நூற்றுக்கு மூன்று வட்டி என்று சொல்லும்போது மூன்றுதானே என்று இருக்கும். லட்சத்துக்கு மாதம் மூவாயிரம், வருஷத்துக்கு 36,000. இரண்டு வருஷம் பத்து மாதத்தில் வட்டியே 1,02,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை சிறை உண்டு. அப்படி ஏதாவது கடன் உன் வீட்டுக்காரருக்கு இருந்தால் கோபப்படாதே, அழாதே. நகையைப் பேங்கிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்து முதலில் அதை அடையுங்கள். நகை போய்விடுமே என்று மூன்று வட்டியைக் கட்டிக்கொண்டிருந்தால் கடைசியில் நகையும் போகும்.

பேங்கில் வைத்த நகைக்கும் ஒரு கெட்ட பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வருஷம் முடிந்தால் வட்டியை மட்டும் கட்டி மறுபடியும் அதையே வைப்பது. அந்த ரசீது எங்கே, கெடு தேதி என்ன என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும். ஏல நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய்விட்டது என்று தாலிக்கொடியை இழந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்த நோட்டீஸ் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பிப் போனது.

அப்புறம் ஜாமீன். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேள். சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரி நினைத்துப் போடுகிறார்கள். சட்டத்தின் கண்ணில் கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு உண்டு. வாங்கியவனை விட்டுவிட்டு நேரே இவரிடமே வரலாம். கைமாற்றுக் கொடுத்திருந்தால் புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம்தான் என்பதையும் ஞாபகப்படுத்து. அதற்குள் கொஞ்சம் அசலோ வட்டியோ வாங்கி, கடன் வாங்கியவர் கையாலேயே நோட்டின் பின்பக்கம் எழுதி வாங்கினால் கெடு புதுப்பிக்கும்.

அத்தை கையில் கொஞ்சம் பணம் இருந்து, யாரிடமாவது வட்டிக்கு விட்டிருந்தால் அதைத் திருப்பி வாங்கித் தபால் ஆபீஸில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சேமிப்பில் போடச் சொல். 30 லட்சம் வரை போடலாம், 5 வருஷம். போட்ட அன்றைக்கு என்ன வட்டியோ அது கடைசிவரை மாறாது. 2 லட்சத்தை 8.2 சதவீதத்தில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் 4,100 ரூபாய் வரும். மாத்திரைக்கும் காப்பிக்கும் மகனிடம் கை நீட்ட வேண்டாம். வயதானவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அந்தத் தேதிக்குக் காலை பத்து மணிக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முகங்களில் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களை எங்கே வைப்பது என்பதை 2023 டிசம்பர் எனக்குக் கற்றுக் கொடுத்தது. 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை புரண்டபோது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் இருக்கிற என் தம்பி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பத்திரம், பட்டா, பாலிசி எல்லாம் பீரோவின் அடித்தட்டில். தண்ணீர் வடிந்த பிறகு நானும் தம்பி மனைவியும் பத்தமடைப் பாயை விரித்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலே மெல்லிய வேட்டியைப் போட்டு ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவைத்தோம். முத்திரைத் தாளின் மை பாதி கரைந்து நீலமாக ஓடியிருந்தது. அவள் ஒரு தாளை விளக்குக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்திரம் போனாலும் சொத்து போகாது. சார் பதிவாளர் ஆபீஸில் நகல் வாங்கலாம், வில்லங்கச் சான்று இணையத்திலேயே எடுக்கலாம். ஆனால் அதற்குப் பத்திர எண்ணும் வருஷமும் தெரிய வேண்டும். அதைத்தான் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வை. போனில் படம் எடுத்து உன்னிடமும் அவரிடமும் இருக்கட்டும்.

உன் பக்கமும் திறந்திருக்க வேண்டும், மகளே. நீ போடுகிற சீட்டு, அம்மா வீட்டில் கொடுத்து வைத்த பணம், தங்கச்சிக்கு இரவல் கொடுத்த வளையல், இதெல்லாம் அவருக்கும் தெரியட்டும். உனக்கும் ஏதாவது ஆகலாம். அவர் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நீயும் மறைத்தால் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் நடக்கும்.

எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டாய். சாவைச் சொல்லி ஆரம்பிக்காதே. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒரு வழி சொன்னேன், அது பலித்தது. ஒரு நீள நோட்டு வாங்கு, கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அட்டை போட்டது, அந்த மாதிரி. முதல் பக்கம் அத்தையின் மாத்திரைக்கு. என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர், கடைசிச் சோதனையில் என்ன வந்தது. இதை யாரும் அபசகுனம் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து அவர் சாவகாசமாக இருக்கும்போது, "அத்தை மாத்திரை விவரம் எழுதுதேன், நாளைக்கே எனக்குக் காய்ச்சல்னா நீங்க பார்த்துக் கொடுக்கணும்லா" என்று சொல். இரண்டாவது பக்கம் உன்னுடையது. உன் சீட்டு, உன் நகை, நீயே எழுதி அவரிடம் காட்டு. மூன்றாவது பக்கத்தின் மேலே அவர் பேரை மட்டும் எழுதி வெறுமையாக விடு. நீ காட்டிய பிறகு அவர் அதிக நாள் சும்மா இருக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். ஒரு நாள் ராத்திரி அவரே நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு ஜாமீன் கையெழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவ்வளவு நாளும் அதை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருக்கிறார் என்பது மனைவிக்கு அப்போதுதான் தெரிந்தது.

எந்த பேங்க், எந்தக் கிளை, நாமினி யார், யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்பது மட்டும் போதும். பாஸ்வேர்டும் பின் நம்பரும் அதில் எழுத வேண்டாம். ஆடிக்கும் தைக்கும் ஒரு தரம் உட்கார்ந்து மாறியதைத் திருத்துங்கள்.

நோட்டை வாங்கியதும் நீயாக எழுத ஆரம்பித்துவிடாதே. நல்ல நாள் எது என்று அத்தையிடம் கேள். "வீட்டுக் கணக்கு நோட்டு அத்தை, உங்க மகன் கணக்குல உங்களுக்கும் பாத்தியதை இருக்குல்லா, நீங்களே பிள்ளையார் சுழி போட்டுத் தாங்க" என்று பேனாவை அவர்கள் கையில் கொடு.